பட்டு வாங்கிய எடை மெஷின்

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. தெருவில் அது யாருக்கும் தெரியாது. மனசில் பட்டதைப் பட்டுனு சொல்லிவிடுவாள் என்பதால் சின்ன வயதிலேயே 'பட்டுனு' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். வயது ஏற ஏற அது தேய்ந்து 'பட்டு' ஆகிவிட்டது. புதிதாகக் கேட்கிறவர்கள் ஆள் பட்டுத்துணி மாதிரி மெத்தென்று இருப்பாள் என்று நினைத்துக்கொள்வார்கள், அவள் வாயைத் திறக்கிற வரைக்கும்.

அந்த நினைப்பில் ஏமாந்தவர்களில் ஒருவர் துணிக்கடை முதலாளி. பெயரைக் கேட்டதும் துணி விஷயம் தெரிந்தவள் என்று முடிவு கட்டி, அன்றைக்கே வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். மறுநாள் ஓர் அம்மா மஞ்சள் சட்டை ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட்டு, இப்படியும் அப்படியும் திரும்பி, "எப்படிம்மா இருக்கு?" என்று ஆசையாகக் கேட்டார்.

"ஸ்கூல் பஸ் மாதிரி இருக்கீங்க" என்றாள் பட்டு.

அந்த அம்மா விறுவிறுவென்று கடைப் படி இறங்கிப் போனார். பின்னாலேயே பட்டுவும் இறங்கினாள். முதலாளி இறக்கிவிட்டார்.

பிறகு ஒரு அழகு நிலையத்தில் தரை பெருக்கும் வேலை. பெருக்குகிறவளுக்கு வாய் எதற்கு, பிரச்சினை வராது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். முடி வெட்டிக்கொண்ட ஒருத்தி, நாற்காலியில் இருந்தபடியே பட்டுவைப் பார்த்து, "பத்து வயசு குறைஞ்ச மாதிரி இல்ல?" என்று கேட்டுத் தொலைத்தாள். பட்டு கையில் இருந்த முறத்தைக் காட்டி, "முடிதான் குறைஞ்சிருக்கு" என்றாள். அந்த வேலையும் அத்தோடு சரி.

வேண்டுமென்று செய்கிறவள் இல்லை அவள். யாரையாவது புண்படுத்திவிட்டோம் என்று தெரிந்தால் இரண்டு வாய் சோறு இறங்காது. ஆனால் கேள்வி என்று ஒன்று காதில் விழுந்தால் பதில் தன்னால் வெளியே வந்துவிடும். தும்மலை அடக்க முடியாத மாதிரி.

இந்தக் குணத்தால் அவளுக்குக் கிடைத்த ஒரே லாபம் அவள் புருஷன். வீடுகளுக்கு வர்ணம் அடிக்கிற பெயிண்டர். பெண் பார்க்க வந்தபோது, "என்னைப் பிடிச்சிருக்கா?" என்று கூச்சத்தோடு கேட்டார். "சட்டைப் பித்தானை மாத்திப் போட்டிருக்கீங்க" என்றாள் பட்டு. குனிந்து பார்த்தார். ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கித்தான் இருந்தது. சத்தம் போட்டுச் சிரித்தார். இவளைக் கட்டிக்கொண்டால் கண்ணாடி வாங்குகிற செலவு மிச்சம் என்று அப்போதே தீர்மானித்துவிட்டார்.

கல்யாணம் நன்றாகத்தான் போனது. வருமானம்தான் தகராறு. மழை பெய்தால் பெயிண்டருக்கு வேலை இல்லை. மழை பெய்தால் அவர்கள் வீட்டுக் கூரையும் ஒழுகும். ஆக, வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிற நாட்களில் நிம்மதியாக உட்காரவும் இடம் இருக்காது. அண்டாவை ஒரு மூலைக்கும் வாளியை இன்னொரு மூலைக்கும் நகர்த்திக்கொண்டே இருவரும் வீட்டுக்குள் ஓடிப் பிடித்து விளையாடுகிற மாதிரி அலைவார்கள்.

அப்போதுதான் தெருவுக்கு லோன் தம்பி வந்தான்.

உருண்டை முகமும் பெரிய தோள்பையும் வைத்திருந்த அந்தத் தம்பி, பெண்களுக்குச் சின்னச் சின்னக் கடன் கொடுக்கிற நிறுவனத்தில் வேலை பார்த்தான். நகை வேண்டாம், பத்திரம் வேண்டாம். ஐந்து பெண்கள் ஒரு குழுவாகச் சேர வேண்டும். ஒருவருக்கொருவர் ஜாமீன். தொழில் தொடங்கக் கடன் கிடைக்கும். செவ்வாய்க்கிழமைதோறும் தவணை. யாராவது ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்ற நால்வரும் சேர்ந்து கட்ட வேண்டும். முழுப் பணமும் சேரும்வரை ஒருவரும் எழுந்து போகக் கூடாது, லோன் தம்பி உட்பட.

தெருமுனையில் ஒற்றை அறையில் துணி தைத்துக்கொண்டிருந்த தையலக்காதான் முதலில் கிளம்பினாள். கூடவே முட்டைக்காரி, சோப்புக்காரி, பாத்திரம் விற்கிற சித்தி. சித்தி யாருக்குச் சித்தி என்று தெரியாது, தெருவுக்கே சித்தி. ஐந்தாவது ஆளுக்கு ஊரெல்லாம் தேடினார்கள். கடைசியில் தையலக்கா பட்டு வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"இதோ பாரு பட்டு. வேற யாரும் சிக்கல. அதான் உன்கிட்ட வந்திருக்கோம்."

பட்டுவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "இப்படி உள்ளத உள்ளபடி சொன்னா எனக்கு எவ்வளவு பிடிக்கும் தெரியுமாக்கா? நான் வரேன்."

முதல் கூட்டம் தையலக்காவின் அறையில் நடந்தது. லோன் தம்பி பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, விதிமுறைகளைக் கணீரென்று சொல்லிக்கொண்டே வந்தான். வட்டி என்ற இடம் வந்ததும் தொண்டையைச் செருமினான், இருமினான், எண் எது என்று யாருக்கும் கேட்கவில்லை.

"தம்பி, வட்டியச் சொல்லும்போது மட்டும் ஏன் இருமறீங்க?" என்றாள் பட்டு.

தையலக்கா கண்ணை மூடிக்கொண்டாள். தம்பிக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. ஆனாலும் நல்ல பையன். தண்ணீர் குடித்துவிட்டு, இருமாமல் இன்னொரு தடவை சொன்னான். வட்டிக்கடைக்காரர்களை விடக் குறைவு, பாங்கை விட அதிகம் என்று ஒப்புக்கொண்டான். பாங்கு தங்களை வாசல்படி ஏறவிடாது என்பது ஐந்து பேருக்கும் தெரியும். கையெழுத்துப் போட்டார்கள்.

அடுத்து, என்ன தொழில்? மற்றவர்களுக்கு யோசனையே இல்லை. இருக்கிற தொழிலைப் பெருக்கப் போகிறார்கள். பட்டுவுக்குத்தான் தலைவேதனை. டீக்கடை வைத்தால், டீ நல்லாருக்கா என்று எவனாவது கேட்பான். காய்கறி விற்றால், இது இன்னிக்கு வந்ததா என்று கேட்பார்கள், முந்தாநாள் வந்ததுங்க என்று இவள் சொல்லிவிடுவாள். வாயைத் திறக்கவே வேண்டாத தொழில் ஒன்று வேண்டும்.

அதைப் பழைய சாமான் கடையில் பார்த்தாள். ஆளுயர இரும்பு எடை மெஷின். மூடிப்போன ஏதோ ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததாம். தலையில் கடிகாரம் மாதிரி வட்ட முகம், அதில் நீளமாக ஒரு முள். ஏறி நின்றால் முள் விலுக்கென்று ஓடி, கொஞ்சம் ஆடி, ஒரு இடத்தில் நிற்கும்.

"சரியா காட்டுமா?" என்று கேட்டாள்.

"தங்கம் நிறுக்கலாம்மா இதுல!" என்றார் கடைக்காரர்.

பட்டு ஏறி நின்று பார்த்தாள். பிறந்ததிலிருந்து எடை பார்த்தவள் இல்லை. முள் எதைக் காட்டியதோ அதுதான் நம்ம எடை போலிருக்கு என்று இறங்கிவிட்டாள். வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொல்லும்போது தலைகால் புரியவில்லை அவளுக்கு.

"ஏங்க, உண்மைய அது சொல்லும். நான் பக்கத்துல சும்மா உட்கார்ந்திருந்தா போதும்!"

"உன்னால சும்மா உட்கார முடியுமா?"

"முடியாது. ஆனா எல்லாரும் முள்ளத்தான பார்ப்பாங்க, என்னை யாரு கேக்கப் போறா?"

பெயிண்டர் ஒரு வீட்டுக்கு அடித்து மிஞ்சிய வான நீலத்தில் மெஷினுக்கு வர்ணம் பூசினார். முள்ளுக்குச் சிவப்பு. பூங்கா வாசலில், பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். காலையில் நடைபயிற்சிக்கு வருகிறவர்கள் எல்லாரும் அந்த வழியாகத்தான் வெளியே வர வேண்டும்.

முதலில் மாட்டியவர் ஒரு மீசைக்காரர். டாக்டர் மிரட்டியதால் நடக்கிறவர். காசை டப்பாவில் போட்டுவிட்டு, பரீட்சை முடிவு பார்க்கிற மாதிரி ஒரு கண்ணை மட்டும் திறந்துகொண்டு ஏறினார். முள் நின்றது. இன்னொரு கண்ணும் திறந்தது.

"ஏம்மா... ஏம்மா! நாலு கிலோ குறைஞ்சிருக்கேம்மா!"

இறங்கி வந்து பஸ்ஸுக்கு நின்றிருந்த முன்பின் தெரியாத ஆளின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த ஆளும் என்ன விஷயம் என்று கேட்டுவிட்டு, பஸ்ஸை விட்டுவிட்டு வந்து ஏறினார். அவரும் குறைந்திருந்தார். ஒரு வாரத்துக்குள் பூங்கா வாசலில் வரிசை நிற்க ஆரம்பித்தது. ஏறும்போது உம்மென்று ஏறுவார்கள். இறங்கும்போது வாயெல்லாம் பல்.

பட்டு ஸ்டூலில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துப் பார்த்து அதிசயப்பட்டாள். சாயங்காலம் கூரையைப் பார்த்தபடி புருஷனிடம் சொன்னாள்: "உண்மையச் சொன்னா ஜனங்க எவ்வளவு சந்தோஷப்படறாங்க பாருங்க! இத்தன நாளும் நான் சொன்ன விதம்தான் சரியில்ல போல."

சந்தோஷம் வந்தால் பசியும் கூட வரும் போலிருக்கிறது. இளைத்துவிட்டோம் என்று இறங்குகிறவர்கள் அடுத்த நிமிஷம் எதையாவது தின்னத் தேடினார்கள். முட்டைக்காரி அதைக் கவனித்து, அவித்த முட்டைக் கூடையோடு மெஷினுக்குப் பக்கத்திலேயே கடை போட்டுவிட்டாள். தையலக்காவுக்கும் யோகம் அடித்தது. "இடுப்பைப் பிடிச்சுக் குடுங்க, தொளதொளன்னு ஆயிடும்" என்று கால்சட்டைகளையும் பாவாடைகளையும் தூக்கிக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். செவ்வாய்க்கிழமைக் கூட்டங்களில் ஐந்து பேரும் தவணையைக் கட்டிவிட்டு, மிச்ச நேரம் ஊர்க்கதை பேசினார்கள்.

மெஷினிடம் எல்லாரையும் விட அதிகமாக மயங்கியது லோன் தம்பிதான். அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் போனில் பேசும்போது, "கொஞ்சம் இளைச்சா நல்லாருக்கும்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டாளாம். அன்றிலிருந்து அவனுக்குத் தூக்கம் போயிற்று. செவ்வாய்தோறும் வசூல் முடிந்ததும் நேராகப் பூங்கா வாசலுக்கு வந்து, பையைக் கீழே வைத்து, செருப்பைக் கழற்றி, கைக்கடிகாரத்தையும் கழற்றி முட்டைக்காரியிடம் கொடுத்துவிட்டு ஏறுவான். முதல் தடவை முள் நின்ற இடத்தைப் பார்த்து அவனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பெரிதாக ஒன்றும் செய்யாமலே இளைப்பது தன் உடம்பு வாகு என்று முடிவு செய்தான். அந்தத் தெம்பில், அதுவரை நடந்துவந்த கொஞ்ச நடையையும் நிறுத்தினான். கல்யாணத்துக்குக் கோட் தைக்கத் தையலக்காவிடம் கொடுத்தான்.

தையலக்கா டேப்பைச் சுற்றி அளவெடுத்தாள்.

"அது பழைய உடம்புக்கா. நான் தினம் குறைஞ்சுட்டு வரேன். நல்லா இறுக்கிப் பிடிச்சுத் தைங்க."

"தம்பி, டேப்பு என்ன சொல்லுதுன்னா..."

"டேப்ப விடுங்கக்கா. மெஷின் சொல்லுது."

பணம் கொடுக்கிறவன் சொல்கிறான், நமக்கென்ன என்று தையலக்கா இறுக்கிப் பிடித்தே தைத்தாள்.

போட்டுப் பார்க்க வந்த நாளில் கோட்டின் ஒரு கை ஏறியது. இன்னொரு கையும் ஏறியது, கொஞ்சம் முனகலோடு. பொத்தானை மாட்டுவதற்குத் தம்பி மூச்சை உள்ளே இழுத்தான். மாட்டியாயிற்று. மூச்சை வெளியே விட்டதுதான் தப்பு. முதுகில் டர்ரென்று ஒரு சத்தம். பொத்தான் பறந்துபோய்த் தையலக்காவின் டீ டம்ளருக்குள் டொப்பென்று விழுந்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் மீசைக்காரர் வந்து நின்றார். கையில் கால்சட்டை. "என்னம்மா தைச்சிருக்க? முழங்காலுக்கு மேல ஏறல!" அவருக்குப் பின்னால் இன்னும் சிலர், ஆளுக்கொரு துணியைக் கொடி மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு. தையலக்கா எல்லாரையும் வரிசையாக நிறுத்தி மறுபடி அளந்தாள். ஒருவர் இடுப்பும் ஓர் இழை கூடக் குறைந்திருக்கவில்லை. டீயில் இருந்த பொத்தானை எடுத்து உதறினாள். பிறகு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பூங்கா வாசலுக்கு நடந்தாள். பின்னால் ஊர்வலம் போல எல்லாரும் போனார்கள்.

"பட்டு, உன் மெஷின் மேல எனக்கு நம்பிக்கையில்ல."

பட்டுவுக்குச் சுருக்கென்றது. "என்னை வேணா சொல்லுக்கா, மெஷினச் சொல்லாத. அதுக்குப் பொய் தெரியாது."

"பார்த்துடுவோம்."

பெயிண்டர் வேலை செய்கிற வீட்டிலிருந்து ஒரு சிமெண்ட் மூட்டையைக் கொண்டு வந்தார்கள். ஐம்பது கிலோ என்று மூட்டை மேலேயே பெரிதாக அச்சடித்திருந்தது. நாலு பேர் பிடித்து மெஷின் மேல் வைத்தார்கள். முள் ஓடியது, ஆடியது, நின்றது. நாற்பத்தாறு.

இறக்கி வைத்துவிட்டு மறுபடி ஏற்றினார்கள். நாற்பத்தாறு.

"சிமெண்ட் இளைச்சிருக்குமோ?" என்றார் பெயிண்டர் மெதுவாக.

பட்டு ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. பிறந்ததிலிருந்து ஒரு பொய் சொல்லாதவள், இத்தனை வாரமாகக் காசு வாங்கிக்கொண்டு ஊருக்கே பொய் சொல்லியிருக்கிறாள். அதுவும் வான நீல வர்ணம் அடித்து.

மறுநாள் காலையிலேயே ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்தாள். உள்ளே ஸ்பிரிங் இறுகிப்போயிருக்கிறது என்றார். ஒரு திருகை இரண்டு சுற்றுச் சுற்றினார். வேலை முடிந்தது. சிமெண்ட் மூட்டை ஐம்பது காட்டியது.

முதலில் ஏறியவர் விவரம் தெரியாத ஓர் அம்மா. முள் நின்ற இடத்தைப் பார்த்து, "நேத்து ஒரே ஒரு கேக்குதான சாப்பிட்டேன்!" என்று கத்தினார். "மெஷின் கெட்டுப் போச்சு போ!"

"இல்லம்மா, இப்பதான் சரியாச்சு. இதுக்கு முன்னாடி காட்டினதுதான் பொய்" என்றாள் பட்டு.

"அப்ப நான் குடுத்த காசு?"

நியாயமான கேள்வி. பட்டு காசைத் திருப்பிக் கொடுத்தாள். செய்தி பரவியது. எடை பார்க்க நின்ற வரிசையை விட, காசைத் திரும்ப வாங்க நின்ற வரிசை நீளமாக இருந்தது. ஒருமுறை கூட ஏறாத இரண்டு பேர் அதில் நின்றார்கள். அவர்களை மட்டும் பட்டுவுக்கு நன்றாக அடையாளம் தெரிந்தது. "நீங்க ஏறவே இல்லியே, ஏறியிருந்தா இவ்வளவு தொந்திய நான் மறந்திருப்பேனா?" என்று விரட்டிவிட்டாள். மற்ற எல்லாருக்கும் கொடுத்தாள். டப்பா காலியானது. அதன் பிறகு மெஷின் பக்கம் காக்கை கூட வரவில்லை.

செவ்வாய்க்கிழமை வந்தது. பட்டு வெறுங்கையோடு போய்ப் பாயில் உட்கார்ந்தாள்.

"இல்ல" என்றாள்.

"என்ன இல்ல?" என்றாள் தையலக்கா.

"பணம் இல்ல."

விதிப்படி யாரும் எழுந்திருக்கக் கூடாது. எல்லாரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். தையல் மெஷின், துணி மூட்டை, ஐந்து பெண்கள், லோன் தம்பி. அவன் முகம் தொங்கிப்போயிருந்தது. கிழிந்த கோட் ஆணியில் அவனைப் பார்த்தபடி தொங்கிக்கொண்டிருந்தது.

"மெஷினப் பழையபடி திருப்பிடு பட்டு" என்றாள் முட்டைக்காரி. "ரெண்டு சுத்துதான? எனக்கு முட்டை போணியாகவே மாட்டேங்குது."

"மாட்டேன்."

"உனக்கு உண்மை பேசணும்னா நீ பேசு. அதுக்கு நாங்க ஏண்டி தவணை கட்டணும்?" என்றாள் சோப்புக்காரி.

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கேள்விக்கு அவள் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. கண்ணில் தண்ணீர்தான் வந்தது. அதைப் பார்த்ததும் சோப்புக்காரிக்கே சங்கடமாகிவிட்டது. "சரி சரி, அழாத. வந்து சேர்ந்தியே நீ" என்று முந்தானையை எடுத்து நீட்டினாள்.

மத்தியானம் ஆயிற்று. யாரோ உறுமுகிற மாதிரி ஒரு சத்தம். எல்லாரும் திரும்பினார்கள். லோன் தம்பியின் வயிறு. முட்டைக்காரி கூடையிலிருந்து ஓர் அவித்த முட்டையை எடுத்து நீட்டினாள். வேண்டாம் என்று தலையாட்டினான். இன்னொரு தடவை உறுமியது. வாங்கிச் சாப்பிட்டான். பிறகு கேட்காமலே கையை நீட்டினான். மூன்றாவது முட்டையின் போது அவனுக்குத் துக்கம் பொங்கி வந்துவிட்டது.

"பட்டக்கா, உங்க மேல எனக்குக் கோபமில்ல. ஒண்ணு சொல்லட்டா? அந்த வாரமெல்லாம் நான் எவ்வளவு நிம்மதியா இருந்தேன் தெரியுமா? கண்ணாடில பார்த்தாக்கூட ஒல்லியா தெரிஞ்சேன். பொய்யுன்னு தெரிஞ்சும் ஒரே ஒரு தடவை அதுல ஏறணும்போல இருக்கு."

பட்டு முந்தானையிலிருந்து முகத்தை எடுத்தாள். "பொய்யுன்னு தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சேதான்."

"காசு குடுத்தா?"

"இப்பவே குடுப்பேன்."

"நானும் ஏறுவேன்" என்றாள் சித்தி. இதுவரை வாயே திறக்காமல் மூலையில் உட்கார்ந்திருந்தவள். "யாரு பார்க்கப் போறா?"

பட்டு எழுந்தே விட்டாள். "உட்காரு, விதி!" என்று தையலக்கா கத்தினாள். பட்டு மறுபடி உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே சொன்னாள்: "அக்கா, நான் போர்டு வைக்கிறேன். இது குறைச்சுக் காட்டும்னு பெரிசா எழுதி வைக்கிறேன். தெரிஞ்சு ஏறறவங்க ஏறட்டும். அப்ப அது பொய்யில்லல்ல?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இதில் எங்கேயோ இடிக்கிறது என்று தோன்றியது. எங்கே என்றுதான் யாருக்கும் பிடிபடவில்லை. அன்றைய தவணையை நால்வரும் புலம்பிக்கொண்டே பகிர்ந்து கட்டினார்கள். சித்தி கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தபோது, "இதத் திருப்பித் தரலைன்னா என் பாத்திரத்தையெல்லாம் நீதான் சுமக்கணும்" என்றாள். லோன் தம்பிக்கும் சேர்த்து ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுக் கலைந்தார்கள்.

மெக்கானிக் வந்து திருகைத் திருப்பிச் சுற்றினார். "உலகத்துலயே மெஷினக் கெடுக்கறதுக்குக் காசு குடுத்தது நீங்கதாம்மா" என்றார். பெயிண்டர் பலகையில் எழுதினார்: 'இந்த மெஷின் நாலு கிலோ குறைத்துக் காட்டும். தெரிந்தே ஏறவும்.'

முதல் நாள் படித்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு நகரவில்லை. ஒரு பெண் தோழியைத் தள்ளிவிட்டாள், தோழி இவளைத் தள்ளினாள், இரண்டு பேரும் ஏறினார்கள். ஆபீஸ் போகிறவர் ஒருவர் யாரும் பார்க்காத நேரம் பார்த்து ஏறினார். மூன்றாம் நாள் மீசைக்காரர் வந்தார். கையைக் கட்டிக்கொண்டு போர்டை இரண்டு தடவை படித்தார்.

"பொய்தான?"

"பொய்தாங்க ஐயா."

"சரியா நாலு கிலோதான?"

"சரியா நாலு கிலோ."

"அப்ப சரி" என்று ஏறினார். இறங்கும்போது மீசைக்குக் கீழே சிரிப்பு தெரிந்தது. வேறு பஸ் ஸ்டாப்புகளிலிருந்தெல்லாம் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். சிலர் பிறந்தநாளைக்கு வந்து ஏறினார்கள். சிலர் மனசு சரியில்லாத நாளில் வந்தார்கள். நிஜ எடை எவ்வளவு என்று கேட்டால் பட்டு கூட்டிச் சொல்லிவிடுவாள். முக்கால்வாசிப் பேர் கேட்பதில்லை.

சித்திக்கும் மற்றவர்களுக்கும் தர வேண்டியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். கடனும் ஒரு வழியாக முடிந்தது. கூரைக்குப் புதுத் தகரம் போட்டார்கள்.

லோன் தம்பியின் கல்யாணத்துக்கு ஐந்து பேரும் போனார்கள். கோட்டின் முதுகில் தையலக்கா ஒரு பட்டைத் துணியைச் சேர்த்துத் தைத்திருந்தாள், அது என்னவோ புது மாதிரி டிசைன் என்று நாலு பேர் விசாரித்துவிட்டுப் போனார்கள். சாப்பாட்டு நேரத்தில் மணப்பெண்ணே பட்டுவைத் தேடி வந்தாள்.

"மெஷின் அக்கா நீங்கதான? இவர் ஏன் இப்படிச் சாப்பாட்டப் பார்த்துப் பயப்படறார்?"

"நீதானம்மா இளைக்கச் சொன்ன!"

"நானா? அன்னிக்குப் போன்ல என் தம்பியப் பத்திச் சொல்லிட்டிருந்தேன். பூரா உருண்டையா இருப்பான். இவர எனக்கு இப்படியேதான் பிடிக்கும்." சொல்லிவிட்டு ஒரு நொடி யோசித்தாள். பிறகு அடக்க முடியாமல் சிரித்தாள். பட்டு உடனே எழுந்து போய், பந்தியில் பாதி இலையை அப்படியே வைத்துவிட்டு எழப்போன மாப்பிள்ளையின் தோளை அழுத்தி உட்காரவைத்து, காதில் விஷயத்தைச் சொன்னாள். அவன் அன்றைக்குச் சாப்பிட்ட மாதிரி யாரும் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை என்று சித்தி இன்றைக்கும் சொல்கிறாள்.

கொஞ்ச நாள் கழித்து நிறுவனத்தின் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு மேடம் வந்தார். கடன் வாங்கி முன்னேறிய பெண்களைப் பற்றிப் படம் எடுக்கிறார்களாம். கூடவே கேமராக்காரர். மேடம் ரொம்பத் தன்மையானவர், பட்டுவின் பக்கத்திலேயே நடைபாதையில் உட்கார்ந்துகொண்டு கேட்டார்.

"சொல்லுங்கம்மா. இந்தக் கடன் உங்க வறுமைய ஒழிச்சுதா?"

"இல்ல. கூரை ஒழுகறத ஒழிச்சுது."

கேமராக்காரர் கேமராவைக் கொஞ்சம் இறக்கினார். மேடம் அசரவில்லை. "அப்புறம்?"

"அப்புறம் இந்த மழைக்காலத்துல நாங்க பாத்திரம் நகத்தாம தூங்கினோம். அவருக்கு வேலை இல்லாத வாரம் நான் சமாளிச்சேன். அடைமழைன்னா எனக்கும் வியாபாரம் கிடையாது, அப்ப எங்க குழுவுல மத்த நாலு பேரும் சமாளிக்கறாங்க. திட்டிக்கிட்டேதான் சமாளிப்பாங்க. வட்டி இன்னும் கொஞ்சம் குறைஞ்சா நல்லாருக்கும் மேடம். அதையும் படத்துல போடுவீங்களா?"

"முயற்சி பண்றேன்" என்றார் மேடம். உண்மையாகவே முயற்சி செய்யப் போகிற மாதிரிதான் இருந்தது முகம். பிறகு எழுந்து பின்பக்கத்துத் தூசியைத் தட்டிக்கொண்டார். போகாமல் நின்றார். போர்டைப் படித்தார். மெஷினைப் பார்த்தார்.

"கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்களேன்" என்றார் கேமராக்காரரிடம்.

பையையும் செருப்பையும் பட்டுவின் ஸ்டூலுக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு, சில்லறையைத் தேடி டப்பாவில் போட்டு, கால் வைத்து ஏறினார். முள் விலுக்கென்று ஓடி, ஆடி, நின்றது. மேடம் வெகு நேரம் இறங்கவில்லை. பின்னால் வரிசையில் நின்ற மீசைக்காரர் லேசாகக் கனைத்தார்.